சில படிப்புகளுக்கு மட்டும் கட்டணம் இலவசம்: இது சரியா?

பொருநைக்கரை

வணக்கம். ஒரு மாதமாக மனதை அரிக்கும் விஷயம். நீளமாகத்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்ததும் எங்கள் ஊர் நூலகத்தில் நாலைந்து பேர் உட்கார்ந்து பிள்ளைகளுக்குக் கல்லூரி விண்ணப்பம் போட்டுக் கொடுப்போம். ஆறு வருடமாக நடக்கிறது. ஸ்ரீவைகுண்டம் பக்கம், வாழையும் நெல்லும் போடுகிற ஊர்கள். வருகிற பிள்ளைகளில் பாதிக்கு மேல் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கப்போகிறவர்கள்.

இந்த முறை ஒரு பெண் வந்தது. அரசுப் பள்ளி, நல்ல மதிப்பெண். பள்ளியில் ஒருமுறை சிவகளை அகழாய்வுக் குழியைக் காட்டக் கூட்டிப்போயிருக்கிறார்கள். குழிக்குள் முதுமக்கள் தாழி பாதி மண்ணோடு நிற்பதைப் பார்த்தது அதன் மனதில் அப்படியே நின்றுவிட்டது. 2025 ஜனவரியில், தமிழ் நிலத்தில் இரும்பின் பயன்பாடு 5,300 ஆண்டுகளுக்கு முந்தையது என்று முதல்வர் அறிவித்தார் அல்லவா, அந்தச் செய்தியை வெட்டி ரெக்கார்டு நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறது. அந்த நோட்டையும் கையோடு கொண்டு வந்திருந்தது. "பி.ஏ. வரலாறு போடுங்க சார்" என்றது.

அப்பா வாழைத்தார் லோடு ஏற்றுகிறவர். கூடவே நின்றார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "சும்மா கெடைக்க படிப்பப் படிச்சு என்ன செய்யதுக்கு சார்? நல்ல படிப்புன்னா துட்டு கேப்பாம்லா."

அதற்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. ஏனென்றால் அவர் தன் கண்ணால் கண்டதைத்தான் சொன்னார். அரசு உதவி பெறும் கல்லூரிகளைப் பாருங்கள். எய்டடு பிரிவில் இருப்பவை பெரும்பாலும் பழைய பாடங்கள்: தமிழ், வரலாறு, பொருளியல், கணிதம், வேதியியல், பி.காம். புதிய பாடப்பிரிவுகளுக்கு அரசு நிதி தருவதைத் தொண்ணூறுகளோடு ஏறக்குறைய நிறுத்திக்கொண்டதால், அதற்குப் பிறகு வந்த பி.சி.ஏ., மைக்ரோபயாலஜி, பி.காம். கம்ப்யூட்டர் அப்ளிகேஷன் எல்லாம் செல்ஃப் பைனான்ஸ் (சுயநிதி). போன வருடம் ஒரே கல்லூரியில் சேர்ந்த இரண்டு பையன்களின் ரசீதை ஒன்றாக வைத்துப் பார்த்தேன். ஒருவன் எய்டடு பி.காம்., இன்னொருவன் செல்ஃப் பைனான்ஸ் பி.காம். அதே சிலபஸ், அதே பல்கலைக்கழகப் பட்டம். காலையில் ஒருவன் உட்காரும் பெஞ்சில் மதியம் இன்னொருவன் உட்காருகிறான். ஒரு ரசீதில் இரண்டாயிரத்துச் சொச்சம், மற்றதில் முப்பதாயிரத்துக்கு மேல்.

இன்னொரு பக்கம், அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு. 2020-இல் மருத்துவத்துக்கு வந்தது, 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் என்று விரிந்தது. அந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டுகிறது. மிக நல்ல திட்டம். ஆனால் அதே வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்து படித்த பிள்ளை செல்ஃப் பைனான்ஸில் பி.சி.ஏ. எடுத்தால் முழுப் பணத்தையும் தானே கட்ட வேண்டும். ஆக, "சில பாடங்களுக்கு மட்டும் இலவசம்" என்பது நம்மிடம் ஏற்கெனவே நடைமுறையில் இருக்கிறது. யாரும் உட்கார்ந்து யோசித்து வகுத்ததல்ல, அவ்வளவுதான்.

என் நிலைப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். பாடத்தைப் பார்த்துக் கட்டணம் வைக்கவே கூடாது. வைத்தால் ஏழைப் பிள்ளையின் விருப்பத்தை ரசீதுதான் முடிவு செய்யும். நீங்கள் சொல்லுங்கள்.

---

களத்துமேடு

மன்னார்குடிப் பக்கம் விவசாயம் பண்றவன். உங்க பதிவ ரெண்டு தடவ படிச்சேன். நல்ல மனசு. ஆனா ஒத்துக்க முடியல.

ஊர்ப் பணத்துல படிக்க வைக்கிறோம்னா ஊருக்கு என்ன தேவைன்னு பாக்கணும். ராத்திரி பாம்பு கடிச்சா ஓடறதுக்கு ஒரு நர்ஸம்மா வேணும். பயிர்ல புகையான் பூச்சி விழுந்தா என்ன மருந்து, எவ்வளவுன்னு வயல்ல இறங்கிச் சொல்ற ஒரு ஆள் வேணும். இதுக்குப் படிக்கிற பிள்ளைங்க கிட்ட ஒத்த ரூவா வாங்கக் கூடாது. தனியார்ல நர்சிங் சேக்கணும்னா லட்சத்த எடுத்து வைன்னு சொல்றான். நகைய அடகு வச்சுத்தான் சேக்கறாங்க.

மத்த படிப்ப வேணாம்னு சொல்லல. பிரியப்பட்டா காசு கட்டிப் படிக்கட்டும். எம்மவன் மெக்கானிக்கல் முடிச்சவன். 2010-ல முதல் பட்டதாரி சலுகை வந்தப்ப சேந்தான். வருஷம் 20,000 ரூவா அரசாங்கம் கட்டுச்சு, மீதிக்கு நான் ரெண்டு மா நெலத்த ஒத்திக்கு வச்சேன். இப்ப கோயம்புத்தூர்ல பார்சல் கொடுக்கறான். அரசாங்கமும் செலவழிச்சுது, நானும் செலவழிச்சேன், யாருக்கும் பிரயோஜனம் இல்ல. அதனாலதான் சொல்றேன், எல்லாத்துக்கும் அள்ளிக் கொடுக்காம தேவையானதுக்கு மட்டும் கொடு.

---

பொருநைக்கரை

ஐயா, உங்கள் மகன் கதையைப் படித்து வருத்தமாக இருந்தது. எங்கள் ஊரிலும் அதே வயதில் பத்துப் பேராவது அப்படி இருக்கிறார்கள்.

ஆனால் ஒன்றை யோசியுங்கள். 2010-இல் "ஊருக்கு எது தேவையான படிப்பு" என்று கேட்டிருந்தால் எல்லோரும் என்ன சொல்லியிருப்பார்கள்? மெக்கானிக்கல், சிவில். அந்த ஆண்டுதான் அண்ணா பல்கலைக்கழகம் தமிழ் வழிப் பொறியியலையும் தொடங்கியது, அதே இரண்டு பாடங்களில். 2023 மே மாதம் உறுப்புக் கல்லூரிகளில் அவற்றை நிறுத்தப்போவதாக அறிவித்துவிட்டு, எதிர்ப்பு வந்ததும் திரும்பப் பெற்றார்கள். சேர ஆள் இல்லை என்பதுதான் சொன்ன காரணம். பதின்மூன்றே வருடம். முதல் பட்டதாரி சலுகையும் தொழிற்படிப்புகளுக்கு மட்டும் என்றுதான் வந்தது. அதாவது, அரசு தேர்ந்தெடுத்துக் கொடுத்த படிப்பைத்தான் உங்கள் மகன் படித்தார்.

---

களத்துமேடு

இத நான் நெனச்சுப் பாக்கல. யோசிக்கிறேன் தம்பி. ஆனா நர்ஸ் தேவை பதிமூணு வருஷத்துல மாறிடாது. அத மட்டும் சொல்லிக்கிறேன்.

---

நல்லூர் வீதி

யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். எங்கட பக்கத்துக் கதையையும் கேளுங்கோ.

எங்கட நாட்டில 1945இல கல்வி அமைச்சர் கன்னங்கராவின்ர காலத்தில இலவசக் கல்வி வந்தது. பாலர் வகுப்பில இருந்து கம்பஸ் வரைக்கும். பாடம் பார்க்கிறேல்ல. மருத்துவமெண்டாலும் சரி, நுண்கலையெண்டாலும் சரி, அரச பல்கலைக்கழகத்தில படிப்புக் கட்டணம் இல்லை. நான் ஆர்ட்ஸ் பகல்டி. என்ர அப்பா தையல்காரர். கட்டணம் எண்டு ஒண்டு இருந்திருந்தா நான் ஏ.எல். (உங்கட ப்ளஸ் டூ மாதிரி) உடன நிண்டிருப்பன்.

ஆனா இலவசமெண்டு சொல்லிப்போட்டு எல்லாம் சரியெண்டு நினைக்கக் கூடாது. இடம் கொஞ்சம். நாப்பது வீதம் திறமை அடிப்படை, ஐம்பத்தைஞ்சு வீதம் மாவட்ட அடிப்படை, மிச்சம் ஐஞ்சு வீதம் பின்தங்கின மாவட்டங்களுக்கு. கம்பஸ் அனுமதிக்குப் பார்க்கிற இஸட் ஸ்கோர் ஒரு புள்ளிக்குக் கீழ தசம தானத்தில விட்டுப்போய் வீட்டில இருக்கிற பிள்ளையள் கனபேர். எழுபதுகளில தரப்படுத்தல் எண்டு கொண்டுவந்து, கம்பஸ் போகத் தமிழ்ப் பிள்ளையள் கூடப் புள்ளி எடுக்க வேணும் எண்டு எங்கட பிள்ளையளுக்குச் செய்ததை நான் இஞ்ச விரிச்சு எழுதேல்ல, அது தெரியாத தமிழர் இல்லை. கட்டணத்தால அடைக்காத கதவை வேற விதமா அடைக்கலாம் எண்டுறதுக்காகச் சொல்லுறன்.

களத்துமேடு ஐயாவுக்கு ஒரு விசயம். "தேவையான படிப்பு, தேவையில்லாத படிப்பு" எண்ட கதை எங்களிட்டயும் நெடுகக் கேட்கும். 2017இல யாழ்ப்பாணக் கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) முன்னால வேலையில்லாப் பட்டதாரிகள் மாசக்கணக்கில கொட்டில் போட்டு இருந்தவை. அதில முக்காவாசிப் பேர் ஆர்ட்ஸ். சனம் பாத்துப்போட்டு, "உந்தப் படிப்புக்கு ஏன் காசு செலவழிக்கிறாங்கள்" எண்டு கதைச்சது. சரி. 2022இல நாடு விழுந்தாப் பிறகு ஆர் போனது? டொக்டர்மார் போயிட்டினம். நேர்ஸ்மாரும் போயிட்டினம். நான் அவையைக் குற்றம் சொல்லேல்ல, குடும்பம் பாக்க வேணும்தானே. ஆனா ஆர்ட்ஸ் படிச்சவை இஞ்சதான் நிண்டவை. என்ர வகுப்பில படிச்ச ஒருத்தி முல்லைத்தீவில ஒரு பள்ளிக்கூடத்தில மூண்டு வகுப்பை ஒண்டா வைச்சுப் படிப்பிக்கிறா. ஊருக்கு ஆர் தேவை எண்டுறதைப் பட்டத்தின்ர பேரை வைச்சு மட்டும் சொல்லேலாது.

---

யாரா நதி

மெல்பனில் இருக்கிறேன். நீங்கள் பேசிக்கொண்டிருப்பதை இந்த நாடு ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டது. அதனால் விவரமாக எழுதுகிறேன்.

1974-இல் பிரதமர் விட்லமின் அரசு பல்கலைக்கழகக் கட்டணத்தை அடியோடு நீக்கியது. 1989-இல் திரும்ப வந்தது, ஆனால் கடன் வடிவில். எந்தப் பாடமானாலும் ஆண்டுக்கு 1,800 டாலர், வேலைக்குப் போய் ஓர் அளவுக்கு மேல் சம்பளம் வந்த பிறகு வரியோடு பிடித்துக்கொள்வார்கள். 1997-இல் பாடங்களை மூன்று அடுக்காகப் பிரித்தார்கள். அப்போதாவது, பின்னால் அதிகம் சம்பாதிக்கப்போகிற படிப்புக்கு அதிகக் கட்டணம் என்று ஒரு நியாயம் இருந்தது.

2021-இல் அதைத் தலைகீழாக்கினார்கள். "வேலைக்குத் தயாரான பட்டதாரிகள்" என்று பெயர். நர்சிங், ஆசிரியர் படிப்பு, கணிதம், வேளாண்மை, மொழிகள் எல்லாம் ஆண்டுக்கு 3,950 டாலர். வரலாறு, அரசியல், சமூகவியல், ஊடகம், சட்டம், வணிகம் எல்லாம் 14,500. பிள்ளைகளைத் தேவையான பாடங்களுக்குத் திருப்பலாம் என்பது கணக்கு. அந்த ஆண்டுதான் என் மகள் சேர்ந்தாள். வரலாறும் அரசியலும். வீட்டில் மூன்று வாரம் பேசினோம். அவள் அம்மா நர்ஸ். "என் வேலைக்கு இப்ப விலை குறைச்சுட்டாங்க, நீயும் வந்துடு" என்று பாசத்தோடுதான் சொன்னாள். மகள் சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது: "அம்மா, ரத்தம் பாத்தா எனக்கு மயக்கம் வருது. என்ன மாதிரி ஒருத்திய உன் வார்டுல விடுவியா?"

அவள் விருப்பப்படியே படித்தாள். மூன்று வருடக் கடன் 43,500 டாலர். அவள் தோழிகளும் யாரும் மாறவில்லை. 2024 பிப்ரவரியில் வந்த பல்கலைக்கழக ஒப்பந்த ஆய்வுக் குழுவின் இறுதி அறிக்கையும் அதையே சொன்னது: இந்தக் கட்டண முறை பிள்ளைகளின் தேர்வை மாற்றவில்லை, இதை எடுத்துவிட்டு வேறு முறை கொண்டுவர வேண்டும். 2025-இல் எல்லோருடைய கல்விக் கடனிலும் 20 சதவீதம் தள்ளுபடி செய்தார்கள். அது பெரிய உதவி. ஆனால் அடுத்துச் சேரும் பிள்ளைக்கு வரலாற்றின் விலை குறையவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது களத்துமேடு ஐயா பக்கம் போகிற விஷயம். எங்கள் விக்டோரியா மாநிலம் 2022-இல் நர்சிங், பேறுகாலப் பராமரிப்புப் படிப்புக்கு 16,500 டாலர் உதவித்தொகை அறிவித்தது. 9,000 படிக்கும்போது. மீதி 7,500 படிப்பு முடிந்து மாநில அரசு மருத்துவமனைகளில் இரண்டு வருடம் வேலை செய்தால். இதில் எனக்குக் குறை தெரியவில்லை. வரலாறு படிக்கிறவளிடம் கூடுதலாகப் பிடுங்காமல் நர்ஸுக்குக் கொடுக்கிறார்கள். முந்தையதில் ஒரு பிள்ளையின் சுமையை எடுத்து இன்னொரு பிள்ளையின் தலையில் வைத்தார்கள்.

---

களத்துமேடு

இதுதான் நான் சொல்ல வந்தது. ரெண்டு வருஷம் நம்ம ஊர்ல வேல பாருன்னு எழுதி வாங்கிட்டு இலவசமாக் கொடு. நான் நெனச்சத அவங்க அழகா செஞ்சிருக்காங்க.

---

இரு பெண்களின் தாய்

இங்கே எழுதுவது முதல் தடவை. தப்பு இருந்தால் மன்னிக்கவும்.

முதல் பட்டதாரி சலுகை பற்றி யாரோ எழுதியிருந்தீர்கள். எனக்கு இரண்டு பெண்கள். மூத்தவளுக்கு ப்ளஸ் டூ முடிந்த வருடம் அவள் அப்பா இறந்துவிட்டார். காலேஜுக்கு அனுப்ப வசதியில்லை. ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போனாள். போய்க்கொண்டே தபாலில் பி.ஏ. தமிழ் எழுதி முடித்தாள். ராத்திரி கடை மூடி வந்து, சாப்பிட்டுவிட்டு, பன்னிரண்டு மணி வரைக்கும் படிப்பாள். எங்கள் வீட்டில் முதல் பட்டம் அதுதான். தெருவுக்கே ஜாங்கிரி கொடுத்தேன்.

இளையவள் இன்ஜினியரிங் கவுன்சிலிங் போனபோது முதல் பட்டதாரி சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் பதிந்தோம். மனு தள்ளுபடி ஆகிவிட்டது. அக்கா பட்டதாரி, அதனால் கிடையாது. மூத்தவள் படிப்புக்கு அரசு சலுகை எதுவும் நாங்கள் வாங்கவில்லை. அவள் சம்பளத்தில் அவளே கட்டிக்கொண்டாள். அந்தப் பட்டமே தங்கைக்குத் தடையாகிவிட்டது. அன்றைக்கு மூத்தவள் சொன்னாள், "நான் படிக்காமலே இருந்திருக்கலாம் போல இருக்கும்மா." அந்த வார்த்தையை இன்னும் என்னால் தாங்க முடியவில்லை.

எந்தப் பாடத்துக்கு இலவசம் என்று பேசுகிறீர்கள். வீட்டைப் பாருங்கள் என்றுதான் நான் கேட்கிறேன். வீட்டில் என்ன வருமானம், யார் சம்பாதிக்கிறார்கள், அதைப் பாருங்கள்.

---

நல்லூர் வீதி

அக்கா, உங்கட மூத்த மகளிட்டச் சொல்லுங்கோ, அவ படிச்சது வீண் இல்லையெண்டு. இளையவ எப்பிடி இருக்கிறா?

---

இரு பெண்களின் தாய்

மூன்றாம் வருடம் தம்பி. அக்கா சம்பளத்தில்தான் படிக்கிறாள். நன்றி.

---

கரும்பலகை

அரசுக் கலைக் கல்லூரியில் பதினோரு வருடமாகக் கௌரவ விரிவுரையாளர். பாடம் வரலாறு.

கட்டணத்தைப் பற்றி மட்டும் பேசினால் பாதிதான் பேசுகிறோம். அரசுக் கலைக் கல்லூரிகளில் இளநிலைக்கு டியூஷன் பீஸ் 2007-08-லேயே நீங்கிவிட்டது. பாடம் பார்க்காமல், எல்லோருக்கும். என் கல்லூரியில் வரலாறு படிக்கும் பிள்ளை ஸ்பெஷல் பீஸ், எக்ஸாம் பீஸ் என்று சில ஆயிரங்களில் வருடத்தை முடித்துவிடும். ஆனால் அந்தப் பிள்ளைக்கு முன்னால் நிற்கும் நான் மாதம் 25,000 ரூபாய் வாங்குகிறேன். மே மாதம் அதுவும் இல்லை. யுஜிசி சொன்ன உச்சவரம்பு 50,000. என் துறையில் நிரந்தர ஆசிரியர்களை விட எங்களைப் போன்றவர்கள்தான் அதிகம். கல்வெட்டியல் தாளுக்குப் படியெடுத்த கல்வெட்டு ஒன்றைக்கூடப் பிள்ளைகள் தொட்டுப் பார்க்காமல் பரீட்சை எழுதுகிறார்கள், கேட்டால் நிதி இல்லை. அந்த அப்பா "சும்மா கிடைக்கும் படிப்பு" என்று சொன்னதில் ஒரு உண்மை இதுதான். இலவசம் என்று அறிவித்துவிட்டு உள்ளே செலவழிக்காமல் விட்டால் ஜனங்கள் அதை மோந்து பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள்.

இரண்டாவது, பஸ். எங்கள் கல்லூரிக்கு வரும் பெண்களில் டவுன் பஸ் ஓடும் வழியில் இருப்பவர்கள் பைசா கொடுக்காமல் வந்துவிடுகிறார்கள். மற்ற வழிகளில் இருந்து வருகிறவர்கள் பாதி தூரம் புறநகர் பஸ்ஸுக்குக் காசு கொடுக்க வேண்டும். 2022-இல் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வர ஆரம்பித்தபோது என் வகுப்பில் நான் கண்ணால் பார்த்த மாற்றம் ஒன்று உண்டு. திங்கட்கிழமை வருகை கூடியது. ஏன் என்று ஒரு பெண்ணிடம் கேட்டேன். "முன்னாடி வார முதல் நாள்ல கைல காசு இருக்காது சார், அப்பாவுக்குக் கூலி செவ்வாய்க்கிழமைதான் வரும்" என்றது. 2024 ஆகஸ்டில் பையன்களுக்கும் தமிழ்ப் புதல்வன் வந்தது. இந்த இரண்டு திட்டத்திலும் எனக்குப் பிடித்தது, பி.ஏ.வா பி.டெக்கா என்று கேட்பதில்லை. அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்தாயா என்று மட்டும் கேட்கிறது. தாய் எழுதிய "வீட்டைப் பாருங்கள்" என்பதற்கு நம்மிடம் இருப்பதில் இதுதான் பக்கத்தில் வருகிறது.

பொருநைக்கரை, அந்தப் பெண் என்ன ஆனது?

---

யாரா நதி

கரும்பலகை ஐயா, ஒரு கேள்வி. வரலாறு படித்த உங்கள் மாணவர்கள் என்ன வேலைக்குப் போகிறார்கள்? குறை சொல்லக் கேட்கவில்லை. என் மகளுக்கும் இதே கேள்வி இருக்கிறது.

---

கரும்பலகை

பெரும்பாலோர் குரூப் 4, குரூப் 2, போலீஸ் தேர்வு. சிலர் பி.எட். கடைக்கும் கம்பெனிக்கும் போகிறவர்களும் நிறைய. பதினோரு வருடத்தில் தொல்லியல் பக்கம் போனவர்கள் மூன்றே பேர். மூன்று என்பது சின்ன எண்ணிக்கைதான், மறைக்கவில்லை. ஆனால் தோண்டி எடுத்த பானை ஓட்டைப் பிரித்து, எண் போட்டு, அதில் கீறியிருக்கும் எழுத்தைப் படிக்க ஆள் வேண்டும். வரலாற்றைக் காசு உள்ளவர்கள் மட்டும் படிக்கட்டும் என்று விட்டால், தாமிரபரணிக் கரையில் பிறந்த பிள்ளை அந்தக் குழியில் கூலிக்கு மண் சுமக்கும். எழுத்தைப் படிக்க வேறு யாராவது வருவார்கள்.

---

களத்துமேடு

கடைசி வரி கொஞ்சம் குத்துது. சரி, நான் இப்ப எங்க நிக்கிறேன்னு சொல்லிடறேன். டியூஷன் பீஸ்ல பாகுபாடு வேணாம், ஒத்துக்கறேன். காரணம் பொருநைக்கரை தம்பி சொன்னதுதான், எது தேவைன்னு அன்னிக்கு யாருக்கும் தெரியல, எனக்கும் தெரியல. ஆனா நர்ஸுக்கும் வேளாண்மைக்கும் மேல கொண்டு தனியா கொடுக்கணும், கிராமத்துல வேல பாக்கணும்னு கட்டு போட்டு. அதுல நான் மாறல.

---

பொருநைக்கரை

ஐயா, அந்த இடத்தில் எனக்கும் உங்களோடு சண்டை இல்லை. என் பதிவில் "பாடத்தைப் பார்க்கவே கூடாது" என்று எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். கூடுதலாகக் கொடுக்கும்போது பார்க்கலாம். வாங்கும்போது பார்க்கக் கூடாது. தாயின் பதிவைப் படித்த பிறகு, விண்ணப்பம் போட வரும் பிள்ளைகளிடம் அக்கா, அண்ணன் படிப்பு விவரத்தை முதலிலேயே கேட்க ஆரம்பித்திருக்கிறோம். சலுகை வராது என்று தெரிந்தால் வேறு உதவித்தொகைக்கு நேரத்தோடு எழுதிப் போடலாம்.

அந்தப் பெண்ணைக் கேட்டீர்கள். வரலாறுதான் சேர்ந்திருக்கிறது. இரண்டு பஸ் மாற வேண்டும். முதல் பஸ் இலவசம், இரண்டாவதற்குக் காசு கொடுக்க வேண்டும். சேர்க்கைக்கு அப்பாவும் லோடு வேலையை ஒருநாள் விட்டுவிட்டு வந்தார். பீஸ் கட்டும் இடத்தில் ரசீதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா? வேற எதுவும் பாக்கி இருக்கா?" என்று இரண்டு முறை கேட்டார். இல்லை என்றதும் அதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

கரும்பலகை ஐயா, படியெடுத்த கல்வெட்டுத் தாள் உங்களிடம் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை இடம் இருக்கிறது.

---

கரும்பலகை

இரண்டு இருக்கின்றன, சொந்தமாக எடுத்தவை. ஒன்று வட்டெழுத்து. வருகிற ஞாயிறு பத்து மணிக்கு வருகிறேன். வேறு பிள்ளைகள் இருந்தாலும் வரச் சொல்லுங்கள், எந்தப் பாடம் படிப்பவர்களாக இருந்தாலும் சரி.